மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து ஒரு கல்: இயக்கக் கணக்கு போடும் முறை

இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள், பரீட்சைத் தாளில் விடையைத் தவறவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன்பே. அலகு மாற்றாமல் விடுவது, திசைக்குக் குறி வைக்காமல் விடுவது, இந்த இரண்டும்தான் காரணம். ஒரே கணக்கில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி. அங்கிருந்து ஒரு கல்லைக் கைவிட்டால் கீழே விழ எவ்வளவு நேரம் ஆகும்? (கணக்கைத் தாளில் மட்டும் போடுங்கள். பாலத்தின் கீழே ஆட்கள் நடமாடுவார்கள்.)

முதலில் அலகு. 1 அடி = 0.3048 மீட்டர், எனவே 115 அடி ஏறக்குறைய 35 மீட்டர். அடுத்து ஐந்து வரி எழுதுங்கள்:

தொடக்கத் திசைவேகம் = 0
இறுதித் திசைவேகம் = கேட்கவில்லை
முடுக்கம் = 9.8 மீ/வி² (புவியீர்ப்பு தருவது)
இடப்பெயர்ச்சி = 35 மீ
நேரம் = ?

எந்தச் சமன்பாடு என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும். முதல் சமன்பாட்டில் (இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம்) இடப்பெயர்ச்சி வராது, இரண்டாவதில் இறுதித் திசைவேகம் வராது, மூன்றாவதில் (இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி) நேரம் வராது. கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்ற அளவு எதுவோ, அது வராத சமன்பாட்டை எடுங்கள். இங்கே இரண்டாவது:

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²
35 = 0 + 4.9 × நேரம்²
நேரம்² = 7.14
நேரம் = 2.67 வினாடி

சரிதானா என்று பார்க்க மனக்கணக்கே போதும். கைவிட்ட பொருள் முதல் வினாடியின் முடிவில் 4.9 மீ, இரண்டாவதன் முடிவில் 19.6 மீ, மூன்றாவதன் முடிவில் 44.1 மீ இறங்கியிருக்கும். 35 மீட்டர் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வருகிறது, விடையும் அப்படியே. அடியை மாற்றாமல் 115 என்றே போட்டிருந்தால் 4.84 வினாடி வந்திருக்கும். கால்குலேட்டர் அதைத் தப்பென்று சொல்லாது.

தரையைத் தொடும் வேகம் கேட்டால் மூன்றாவது சமன்பாட்டுக்குப் போங்கள். இப்போது கண்டுபிடித்த நேரத்தை முதல் சமன்பாட்டில் திணிக்க வேண்டாம்; அது தப்பாக இருந்தால் இதுவும் தப்பாகும். 2 × 9.8 × 35 = 686, அதன் வர்க்கமூலம் 26.2 மீ/வி. 18/5 ஆல் பெருக்கினால் மணிக்குச் சுமார் 94 கி.மீ. காற்றுத் தடையை விட்டுவிட்டோம் என்பது நினைவிருக்கட்டும். கல்லுக்கு இது ஒத்துவரும். மேலிருந்து விழும் ரப்பர் இலைக்கு ஒத்துவராது.

இனி குறி. அதே கல்லை 10 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிந்து, அது பாலத்தில் படாமல் ஆற்றை நோக்கி விழுந்தால்? மேல்நோக்கு கூட்டல் என்று தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். தொடக்கத் திசைவேகம் +10, முடுக்கம் −9.8, இடப்பெயர்ச்சி −35. கல் மேலே போய்த் திரும்பினாலும் இடப்பெயர்ச்சி என்பது தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதனால் கணக்கை இரண்டு துண்டாக வெட்ட வேண்டியதில்லை. நேரத்தை டி என்று வைத்தால்:

−35 = 10டி − 4.9டி²
4.9டி² − 10டி − 35 = 0
டி = (10 + √(100 + 686)) ÷ 9.8 = 38.04 ÷ 9.8 = 3.88 வினாடி

இன்னொரு மூலம் கழித்தல் எண்ணாக வரும். எறிவதற்கு முந்தைய நேரம் அது, விட்டுவிடுங்கள். இடப்பெயர்ச்சியை +35 என்று போட்டவர்களுக்கு வர்க்கமூலத்துக்குள் 100 − 686 வந்து கணக்கு நின்றுபோகும். அதற்கும் பொருள் உண்டு: இந்த வேகத்தில் எறிந்த கல் 5.1 மீட்டருக்கு மேல் ஏறவே ஏறாது, 35 மீட்டர் உயரத்தை அது எந்த நேரத்திலும் எட்டாது. வர்க்கமூலத்துக்குள் கழித்தல் வந்தால் கணக்கை அடித்துவிடாமல் குறியைத் திரும்பப் பாருங்கள்.

பிரேக் கணக்கும் இதே வழிதான். வில்லுக்குறி பக்கம் 54 கி.மீ வேகத்தில் வரும் பஸ் 45 மீட்டரில் நிற்கிறது என்றால், முதலில் 54 × 5/18 = 15 மீ/வி. நேரம் கேட்கவில்லை, ஆகவே மூன்றாவது: 0 = 225 + 90 × முடுக்கம். முடுக்கம் −2.5 மீ/வி². அந்தக் கழித்தல் குறியை விடையிலும் எழுதுங்கள். எதிர்முடுக்கம் என்று பெயர் சொல்லிவிட்டால் மட்டும் 2.5 என எழுதலாம்.