கிக்கின் மேல் கிக் அடுக்காதீர்கள்: மின்னணு இசைத் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிக் (தாளத்தின் அடியில் தும்மென்று விழும் பெரிய டிரம் ஒலி) மெலிந்து ஒலிக்கிறது என்றதும் அதன்மேல் இன்னொரு கிக் சாம்பிளை, அதாவது பதிவுசெய்த ஒலித்துண்டை, அடுக்குவதுதான், மின்னணு இசை செய்யத் தொடங்குபவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு. இரண்டும் சேர்ந்தால் பலம் கூடும் என்று தோன்றும். ஆனால் பல நேரங்களில் முன்பிருந்ததைவிட வலுக்குறைந்த ஒலியே மிஞ்சும். கிக்கின் அடிநாதத்தில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு முழுச் சுற்றை முடிக்க 20 மில்லி விநாடி ஆகிறது. இரண்டாவது சாம்பிள் அதில் பாதியான 10 மில்லி விநாடி தள்ளி விழுந்தால், ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தோடு சேர்ந்து அடிநாதமே கரைந்துபோகும். திரையில் இரண்டு அலைவடிவங்களையும் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்குவது கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) கைவைத்துப் பயனில்லை. ஒன்றைச் சற்றே நகர்த்தியோ, அதன் போலாரிட்டியைத் திருப்பியோ (அலையின் மேடு பள்ளங்களைத் தலைகீழாக்கியோ) கேட்க வேண்டும். அதைவிட, பேஸுடன் (தாழ்சுருதி இசைப்பகுதியுடன்) சேர்த்துக் கேட்கும்போதும் தனித்து நிற்கும் ஒரே கிக்கைப் பொறுமையாகத் தேடி எடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு, சத்தம் கூடியதைத் தரம் கூடியதாக எண்ணுவது. இசை மென்பொருளில் சேர்த்து ஒலியை மாற்றப் பயன்படுத்தும் பிளகின்கள் பலவும் ஒலியை ஓரிரு டெசிபல் உயர்த்தியே வெளியே விடுகின்றன. நம் காதோ உரத்து ஒலிப்பதையே சிறந்தது என்று ஏற்றுக்கொள்கிறது. ஆகவே பிளகினை இயக்கியும் நிறுத்தியும் ஒப்பிடும் முன், அதன் வெளியீட்டைக் குறைத்து இரண்டு நிலைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் செய்யும்போது, அவசியம் என்று நினைத்துச் சேர்த்த பிளகின்களில் சில தேவையே இல்லை என்று தெரியவரும்.

கீபோர்டை வாசித்துப் பதியும்போது பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்தரவின் அளவை, கவனிக்காமல் விடுவதும் வழக்கம். ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் (இங்கே சாம்பிள் என்பது ஒலித்துண்டு அல்ல, ஒற்றை அளவீடு) அது மட்டுமே ஏறத்தாழ 23 மில்லி விநாடி தாமதம். 128 என்றால் 3 மில்லி விநாடிக்கும் குறைவு. பதியும்போது சிறியதாகவும், பதிந்தவற்றை ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்யும்போது பெரியதாகவும் மாற்றிக்கொண்டால் போதும்.

சாம்பிள்களின் உரிமை பற்றிய குழப்பம் இவற்றைவிடப் பெரிய இழப்பைத் தரக்கூடியது. ராயல்டி இல்லாத சாம்பிள் என்பதற்குக் பதிப்புரிமையே இல்லாத சாம்பிள் என்று பொருளல்ல. விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்த அனுமதி கிடைத்திருக்கிறது என்றே பொருள். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாலோ, ஒலிப்பதிவின் உரிமையாளர், இசையமைப்பின் உரிமையாளர் என இரு தரப்பின் அனுமதியும் பொதுவாகத் தேவைப்படும். எனவே எந்தச் சாம்பிள் எங்கிருந்து, எந்த உரிமத்தில் வந்தது என்பதை எடுத்த அன்றே குறித்து வைக்க வேண்டும். அவ்வாறே, பயன்படுத்திய சாம்பிள்கள் அனைத்தையும் அந்தப் பாடலின் ப்ராஜெக்ட் கோப்புறைக்குள்ளேயே நகலெடுத்துச் சேமிக்க வேண்டும். பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே விட்டுவைத்து, பின்னொரு நாள் அதைச் சுத்தம் செய்துவிட்டால், ப்ராஜெக்டைத் திறக்கும்போது சாம்பிள் இருந்த இடங்கள் மௌனமாகவே இருக்கும்.