ஊரில் இருக்கும் பழைய மேனேஜரின் பெயரைக் கனடாவில் வேலைக்கு ரெஃபரன்ஸாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் டொரொன்டோ பக்கம் புதிதாக வந்து இறங்குபவர்களில் நிறையப் பேர், "கனடா ரெஃபரன்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி, பத்து வருடம் தன்னோடு வேலை பார்த்த ஆளை விட்டுவிட்டு, வந்த பிறகு கோயிலில் பழக்கமான ஒரு அங்கிளின் பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். டொரொன்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ரெஃபரன்ஸ் கேட்டுப் போன் போடுவதும் என் தலையில்தான் விழும். அந்த அங்கிளிடம் நான் என்ன கேட்பது? "இவர் எக்செலில் எப்படி?" என்றா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அலைந்து திரிந்து வாங்கிய கடிதம் இருக்கிறதே, பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் போட்டுக் கையெழுத்தான கடிதம், அது குடிவரவுத் துறைக்கு. வேலை தருபவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார். ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் லெட்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு எல்லாம் நீங்கள் அங்கே வேலை பார்த்தது உண்மை என்று காட்டும், பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் அவற்றைக் கேட்கும், அதனால் ஸ்கேன் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். கடிதம் சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே ரெஃபரன்ஸ் என்று கேட்டால், போனிலோ மெயிலிலோ உங்களைப் பற்றிப் பேசக்கூடிய ஆட்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேர்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் எடுத்து நீட்டத் தேவையில்லை. கனடா அனுபவம் கட்டாயம் என்று கேட்பது எடுத்த எடுப்பிலேயே பாகுபாடாகக் கருதப்படும், அது தவிர்க்க முடியாத தேவை என்றால் நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று, டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013-லேயே கொள்கை வெளியிட்டது. வெளிநாட்டு அனுபவத்தைக் குறைத்து எடைபோடுவதும் தவறு என்கிறது அதே கொள்கை. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பொதுவில் போடும் வேலை விளம்பரத்திலும் அதோடு வரும் விண்ணப்பப் படிவத்திலும் கனடா அனுபவம் வேண்டும் என்று எழுதவே கூடாது. பொறியாளர் உரிமம் தரும் ப்ரொஃபெஷனல் இன்ஜினியர்ஸ் ஒன்டாரியோ, 12 மாதக் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதமே எடுத்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் உங்கள் பழைய மேனேஜர் நள்ளிரவில் போனை எடுப்பாரா என்பதற்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லாது. என் அனுபவத்தில் வெளிநாட்டு ரெஃபரன்ஸ் சொதப்புவது பெரும்பாலும் இந்த மாதிரி அற்ப விஷயத்தில்தான்.

டொரொன்டோவில் காலை 9 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோடையில் மாலை 6:30, நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு 7:30. மதியம் 3 மணிக்குப் போன் போட்டால் அங்கே 12:30 அல்லது 1:30, ஊரே தூங்கும் நேரம். போன் போடுபவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, அன்றைக்கு முடிக்க வேண்டிய வேறு பத்து வேலையும் இருக்கும். ஒருமுறை அடிப்பார், எடுக்கவில்லை என்றால் ஒரு மெயில் போடுவார், அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த ஆளின் கோப்பை எடுத்துவிடுவார். அப்புறம் இன்னொன்று: +1 என்று தொடங்கும் தெரியாத எண்ணை இப்போது ஊரில் யார் எடுக்கிறார்கள்? மோசடிக் கால் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கொடுக்கும்போது, படிப்பவர் எதையும் தேட வேண்டியிராதபடி எழுதுங்கள். பெயர், அப்போது அவருக்கு இருந்த பதவி, இப்போது எங்கே இருக்கிறார், நீங்கள் அவருக்குக் கீழே எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருந்தீர்கள், மெயில், போன். போன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும், இலங்கை எண்ணாக இருந்தால் +94-க்குப் பிறகு முன்னால் வரும் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும் (இதில் மட்டும் எத்தனை பேர் தவறுகிறார்கள்!). பக்கத்திலேயே "டொரொன்டோ நேரம் காலை 8 முதல் 11 வரை பேசலாம், மெயிலுக்கு ஒரே நாளில் பதில் வரும்" என்று ஒரு வரி. கத்தாரிலிருந்து வந்தவர் என்றால் அங்கே வெள்ளி, சனி விடுமுறை என்பதையும் சேருங்கள். முடிந்தால் கம்பெனி மெயில் முகவரியைக் கொடுங்கள்; ஜிமெயில் மட்டும் இருந்தால், அந்த ஆள் உண்மையிலேயே அங்கேதான் இருந்தார் என்று பார்க்க அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தின் முகவரியைச் சேருங்கள். சில நிறுவனங்கள் போனே செய்யாது, ஆன்லைன் படிவம் ஒன்றை நேரடியாக ரெஃபரன்ஸ் தருபவருக்கு அனுப்பும். அது ஸ்பாம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கேயும் பார்க்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யாரைக் கொடுப்பது? பெரிய பதவிக்காரரைத் தேடிப் போகாதீர்கள். கம்பெனி எம்.டி.க்கு உங்கள் முகமே நினைவிருக்காது. தினமும் உங்கள் வேலையைப் பார்த்த டீம் லீட் போதும். ஐ.டி. ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, பல கம்பெனிகளில் ஹெச்.ஆர். தேதியையும் பதவியையும் தவிர வேறெதுவும் சொல்லாது, மேனேஜர்களும் கம்பெனி சார்பில் பேசக்கூடாது என்பார்கள். அப்படியானால் அங்கிருந்து விலகி வேறு கம்பெனிக்குப் போய்விட்ட மேனேஜரைப் பிடியுங்கள். அவர் தனிப்பட்ட முறையில் பேசலாம், போன் செய்பவருக்கும் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது பெரிய விஷயமில்லை. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது: அந்தப் பக்கத்திலிருந்து தினமும் உங்களோடு மீட்டிங்கில் இருந்தவர் சம்மதித்தால் அவரைப் போடுங்கள். நேர வித்தியாசமும் பெரிதாக இல்லை, பேச்சும் இங்கத்திய தோரணையிலேயே இருக்கும். சொந்தக் கடை, சொந்தத் தொழில் செய்தவர்கள் "எனக்கு மேனேஜரே கிடையாதே" என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காகச் சரக்கு வாங்கிய வாடிக்கையாளர், கணக்குப் பார்த்த ஆடிட்டர், இவர்கள் போதும். ஆசிரியர்களுக்குத் தலைமை ஆசிரியர், இலங்கையில் அதிபர். கம்பெனியே மூடிவிட்டதா? ஆள் இருக்கிறாரே, அவர் போதும். சித்தப்பா, மச்சான் மட்டும் வேண்டாம், ஒரே குடும்பப் பெயர் இல்லாவிட்டாலும் பேச்சில் தெரிந்துவிடும்.

இனி முக்கியமானது. நம் ஊர் மேனேஜர்கள் பாசக்காரர்கள், அதுதான் இங்கே பிரச்சினை. "ரொம்ப நல்ல பையன், சின்சியர், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று போனில் உருகுவார்கள். நான் தமிழன், எனக்குப் புரியும், என் பக்கத்து மேசையில் இருக்கும் பெண்மணிக்கு அதில் எழுதிக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. இங்கே கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: எவ்வளவு காலம் தெரியும், என்ன வேலை செய்தார், எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் தேற வேண்டும், மற்றவர்களோடு எப்படி, ஏன் விலகினார், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா. "தேற வேண்டியது எதுவுமே இல்லை" என்று சொன்னால் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தது போலத் தெரியும், உண்மையான சின்னக் குறை ஒன்றைச் சொல்வது நல்லது. கடைசிக் கேள்விக்கு ஒரு பெரியவர் என்னிடம், "எடுப்பேன், ஆனால் அவர்தான் கனடாவுக்குப் போய்விட்டாரே, எப்படி வருவார்?" என்று கவலையோடு கேட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் அந்த இடத்தில் வேண்டியது "கண்டிப்பாக எடுப்பேன், ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம்.

இதற்காக அவருக்குப் பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். நினைவூட்டினால் போதும். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? இங்கே ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ முடிந்திருக்கிறது, உங்கள் பெயரை ரெஃபரன்ஸாகக் கொடுக்கலாமா? சரி என்றால் வேலை விவரமும் என் ரெஸ்யூமும் அனுப்புகிறேன். ஜி.எஸ்.டி. வந்த சமயம் பழைய பில்லையெல்லாம் புது முறைக்கு மாற்றினோமே, அதைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள் சார். கனடா நம்பரிலிருந்து சாயங்காலம் கால் வரும், ஆங்கிலத்தில் பேசுவார்கள், பத்து நிமிஷம்தான்."

ஆங்கிலத்தில் போனில் பேசத் தயங்குபவராக இருந்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். மெயிலில் கேள்வியை அனுப்பச் சொல்லி ஹெச்.ஆரிடம் நீங்களே கேட்கலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பட்டியலை ரெஸ்யூமில் போடாதீர்கள், "கேட்டால் தரப்படும்" என்ற வரியும் வேண்டாம், வீண் இடம். நேர்காணல் முடிந்து அவர்கள் கேட்கும்போது கொடுத்தால் போதும், சும்மா சும்மா போன் போய் உங்கள் சார் சலித்துப் போகவும் மாட்டார்.

"கனடா ரெஃபரன்ஸ் மட்டும்" என்று கேட்டுவிட்டால் உடனே பின்வாங்க வேண்டாம். "இரண்டு பேர் சென்னையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர்கள், ஒருவர் இங்கே இருப்பவர், பரவாயில்லையா?" என்று பதில் மெயில் போடுங்கள். பல இடங்களில் அது யாரோ எப்போதோ அடித்து வைத்த படிவம், கேட்டால் சரி என்பார்கள். அந்த "இங்கே இருப்பவர்" ஒருவரையாவது முதல் சில மாதங்களில் தேடிக்கொள்வது நல்லது. மிசிசாகாவிலோ பிராம்ப்டனிலோ கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைதான் கிடைத்தது என்றாலும், நேரத்துக்கு வருவார், சொன்னதைச் செய்வார் என்று சொல்ல அங்கே ஒரு சூப்பர்வைசர் இருப்பார், அவர் போதும். டெய்லி பிரெட் ஃபுட் பாங்க் (இல்லாதவர்களுக்கு உணவு தரும் அமைப்பு) மாதிரி இடங்களில் தன்னார்வமாகத் தொடர்ந்து போனால் அங்கே பொறுப்பில் இருப்பவரைக் கேட்கலாம். ஏக்ஸஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகள் புதிதாக வந்தவர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் சேர்ந்தால் பயிற்றுநர் கிடைப்பார். ட்ரீயெக் அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தில் உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவரோடு இணைத்து விடுவார்கள், ஆனால் முதல் சந்திப்பிலேயே "ரெஃபரன்ஸ் தருவீர்களா" என்று கேட்காதீர்கள், மனிதர் மிரண்டுவிடுவார்.

வாட்ஸ்அப் குழுக்களில் காசு வாங்கிக்கொண்டு "கனடா ரெஃபரன்ஸ்" ஏற்பாடு செய்கிறோம் என்பவர்கள் பக்கம் போக வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும், வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தாலும் நீக்கிவிடலாம்.

மேலே சொன்ன அதே 25 பேர் கணக்கு நிறுவனங்கள், விளம்பரம் போட்ட வேலைக்கு உங்களை நேர்காணல் செய்திருந்தால், முடிவு எடுத்தார்களா இல்லையா என்பதை 45 நாளுக்குள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், இதுவும் 2026-லிருந்து. பதில் வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஊரில் உங்களுக்காகப் பேசிய சாருக்கும் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.