ஏலத்தில் பழைய கம்ப்ரஷர் எடுக்கும் முன் வீட்டு மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

சேலத்தில் பழைய ஏர் கம்ப்ரஷருக்குப் பஞ்சமே இல்லை. தறிப்பட்டறை மூடுகிறார்கள், சேகோ பேக்டரி கைமாறுகிறது, வங்கி ஜப்தி செய்த யூனிட்டை ஏலம் விடுகிறது, பொதுத்துறை நிறுவனங்கள் கழித்துப் போட்டதை மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் இணைய ஏலத் தளத்தில் லாட் லாட்டாகப் போடுகின்றன. வீட்டு ஷெட்டில் இரண்டு பைக்கும் ஒரு பழைய ஜீப்பும் வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் நோண்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கத்தான் செய்யும். புதிய 3 எச்பி மெஷின் விலைக்கு 15 எச்பி மெஷின் கிடைக்கிறதே என்று தோன்றும். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

கம்ப்ரஷரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கரண்ட். தொழிற்சாலை கம்ப்ரஷர் எல்லாமே அநேகமாக மூன்று பேஸ், 415 வோல்ட். வீட்டில் சிங்கிள் பேஸ் 230 வோல்ட் இருந்தால் அந்த மோட்டார் ஓடாது, அவ்வளவுதான். "விஎஃப்டி போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள், பாதி உண்மை. விஎஃப்டி என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு டிரைவ். சிங்கிள் பேஸில் வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும் டிரைவ்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெளியே தருவது 230 வோல்ட்தான். மோட்டாரின் காயில்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைக்கலாம். 2 எச்பி, 3 எச்பி மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் கட்டப்பட்டிருக்கும், அவற்றை டெல்டாவுக்கு மாற்றினால் 230இல் ஓடும். 5 எச்பிக்கு மேல் போனால் மோட்டார் ஏற்கெனவே டெல்டாவில் 415க்கு இருக்கும், அதற்கு மேல் மாற்ற ஒன்றும் இல்லை, திரும்பக் காயில் கட்ட வேண்டும் அல்லது மோட்டாரையே தூக்கிவிட்டு வேறு போட வேண்டும். பெயர்ப்பலகையில் வோல்ட் பக்கத்தில் ஸ்டாரா டெல்டாவா என்று ஒரு குறி இருக்கும். போட்டோ எடுக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் மூன்று பேஸ் இருக்கிறது என்றாலும் ஓட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. 10 எச்பி என்றால் 7.5 கிலோவாட். நேரடி ஸ்டார்ட்டரில் போட்டால் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு ஆறு ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும், உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈபி கார்டில் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். இன்னொன்று, வீட்டு இணைப்பில் பக்கத்துத் தெரு வண்டிகளுக்கும் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தீர்கள் என்றால் அது வீட்டு உபயோகம் இல்லை. கண்டுபிடித்தால் கட்டணத்தை மாற்றி, அபராதமும் போடுவார்கள்.

சரி, எவ்வளவு காற்று வேண்டும்? இதை யோசிக்காமல் ஏலத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். டயருக்குக் காற்று, ஊதிச் சுத்தம் செய்வது, அரை இஞ்ச் இம்பாக்ட் கன் இதற்கெல்லாம் ஐந்து ஆறு சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) போதும். முழு வண்டிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கன்னைப் பொறுத்து 10, 12 அல்லது கொஞ்சம் மேலே. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ இருந்தால் எல்லாம் நடக்கும். அதாவது 3 எச்பி முதல் 5 எச்பி வரை உள்ள நல்ல பிஸ்டன் மெஷின் வீட்டு ஷெட்டுக்குத் தாராளம். அதற்கு 20 எச்பி எடுத்து வருவது கல்யாண மண்டபத்து அண்டாவைத் தூக்கி வந்து இரண்டு பேருக்குக் காபி போடுகிற கதைதான்.

சிஎஃப்எம் பார்க்கும்போது ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. பிஸ்டன் மெஷின் பலகையில் போட்டிருப்பது பல நேரம் சிலிண்டரின் கொள்ளளவுக் கணக்கு, வெளியே வரும் காற்று அல்ல. வெளியே வருவது அதில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், தேய்ந்த மெஷினில் இன்னும் குறையும்.

ஸ்குரூ கம்ப்ரஷர் (பிஸ்டனுக்குப் பதில் இரண்டு திருகு உருளைகள் சுழன்று காற்றை அழுத்தும் மெஷின்) மோகம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சத்தம் குறைவு, பார்க்க அழகான பெட்டி, ஏர்ஜெட் தறி ஓடிய இடங்களிலிருந்து நிறைய வெளியே வருகிறது. ஆனால் அது நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்த மெஷின். உள்ளே ஓடும் எண்ணெய் எழுபது எண்பது டிகிரிக்குச் சூடாகி அப்படியே நின்றால்தான் காற்றோடு வரும் ஈரம் ஆவியாக வெளியே போகும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அந்தத் தண்ணீர் எண்ணெயிலேயே தங்கும், எண்ணெய் பால் மாதிரி வெளுக்கும், பேரிங் துரு பிடிக்கும், அந்த உருளைகள் இருக்கும் ஏர்எண்ட் போய்விடும். ஏர்எண்ட் சரிசெய்யும் செலவில் புதிய பிஸ்டன் கம்ப்ரஷரே வாங்கிவிடலாம். மணிக்கணக்கு மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், கண்ட்ரோலரை மாற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண்ணெய் நிரப்பும் மூடியைத் திறந்து உள்விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள், வார்னிஷ் மாதிரி பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டியிருந்தால் அந்த மெஷின் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். ஏப்ரல், மே மாத சேலத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நீங்கள் அதை வைக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். என் கருத்து, வீட்டுக்கு ஸ்குரூ வேண்டவே வேண்டாம்.

"ஏர் கம்ப்ரஷர் - 1" என்று மட்டும் லாட் விவரத்தில் இருந்தால் நேரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. குடிதண்ணீர் பாட்டில் ஊதும் யூனிட்டிலிருந்து வருவது 30, 40 பார் (ஒரு பார் கிட்டத்தட்ட ஒரு கிலோ) அழுத்தத்துக்கான மெஷின், உங்கள் வேலைக்கு ஆபத்தும் உபயோகமின்மையும் சேர்ந்தது. திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டியிலிருந்து இறக்கியது என்றால் டீசல் இன்ஜினோடு வரும் பிரம்மாண்டம். குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியாவை அழுத்திய கம்ப்ரஷர்கூடப் பட்டியலில் வெறும் கம்ப்ரஷர் என்றே வந்து நிற்கும்.

இப்போது டேங்க். என்னைக் கேட்டால் பார்வையிடும் நாளில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். பம்ப் கெட்டால் காசுதான் போகும், டேங்க் வெடித்தால் ஆள் போவார். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்குகிறது, தினமும் திறந்துவிடாத இடத்தில் வருடக்கணக்கில் அங்கேயே நின்று உள்ளிருந்து தகட்டைத் தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஏலத்துக்கு முன்னால் புதிதாக அடித்த பெயின்ட் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். குனிந்து, அடியில் தண்ணீரை வடிக்கும் டிரெயின் காக் வால்வைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் பழுப்புத் தண்ணீர் வந்தால் சகஜம். செதில் செதிலாகத் துரு விழுந்தால், அல்லது காக்கே துருவேறித் திறக்கவே முடியாமல் இருந்தால், அதைப் பல வருடமாக யாரும் தொடவில்லை. சின்னச் சுத்தியலால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள், மேலே கணீரென்று கேட்கும் சத்தம் அடிப்பக்கம் வரும்போது மொத்தென்று அடங்கினால் அங்கே தகடு மெலிந்திருக்கலாம், அல்லது சேறு கட்டியிருக்கலாம், இரண்டுமே நல்லதில்லை. கால்கள் பற்றவைத்த இடத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் அந்த டேங்க் முடிந்தது. வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், வருடம் பொறித்த தகடு இல்லையென்றாலும் அதே தீர்ப்பு.

அழுத்தக் கலங்களைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டியது தொழிற்சாலையின் சட்டப்படியான கடமை, அதற்கான பரிசோதனை அறிக்கை ஒழுங்கான இடத்தில் கோப்பில் இருக்கும். கேளுங்கள். கடைசி அறிக்கை கிடைத்தால் பெரிய நிம்மதி. கிடைக்காவிட்டால் வாங்கிய பிறகு தண்ணீர்ச் சோதனை செய்தாக வேண்டும்: டேங்கைக் காற்றே இல்லாமல் தண்ணீரால் நிரப்பி, கைப்பம்ப்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றி நிறுத்தி, கசிகிறதா உப்புகிறதா என்று பார்ப்பது. 10 கிலோ டேங்க் என்றால் 15 கிலோ. இதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். காற்றடித்துச் சோதிப்பது தற்கொலை. தண்ணீர் சுருங்காது, டேங்க் கிழிந்தால் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும், காற்றோ அத்தனை அழுத்தத்தையும் ஒரே நொடியில் விரித்துத் தகட்டைத் தூக்கி எறியும். பம்ப் நன்றாக இருந்து டேங்க் மட்டும் போனால் புதிய டேங்க் போட்டுக்கொள்ளலாம். பழையதைக் காயலான் கடைக்குப் போடும் முன் கேஸ் கட்டரால் ஒரு பெரிய ஓட்டை போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது இன்னொரு பஞ்சர் கடையில் போய் உட்காரும்.

பம்பைப் பார்ப்பதற்கு, மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு, பெல்ட் வீலைக் கையால் சுற்றுங்கள். அழுத்தம் ஏறும் இடத்தில் கை இறுகி, அப்புறம் விட வேண்டும். லொடலொடவென்று சுற்றினால் ரிங்கோ வால்வ் பிளேட்டோ போயிருக்கிறது. மேலே வரும்போது டொக்கென்று தட்டினால் பேரிங். மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் முக்கியம், மூடிக் கிடந்த பேக்டரிகளில் உள்ளே இருக்கும் செம்புக் காயிலை உருவிவிட்டு வெறும் கூட்டை வைத்திருப்பது நடக்கிற விஷயம்தான்.

ஓட்டிக் காட்டினால் கைக்கடிகாரம் போதும். டேங்கைக் காலி செய்துவிட்டு ஓடவிட்டு, 220 லிட்டர் டேங்க் 7 கிலோவுக்கு ஏற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 220ஐ 7ஆல் பெருக்கினால் 1540 லிட்டர். நான்கு நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 385 லிட்டர், அதை 28.3ஆல் (ஒரு கன அடிக்கு இத்தனை லிட்டர்) வகுத்தால் கிட்டத்தட்ட 13.6 சிஎஃப்எம். பலகையில் 25 என்று இருந்து கணக்கில் 13 வந்தால் பேச்சே வேண்டாம், ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கரண்ட் இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்றால் ஓடாத மெஷினுக்கான விலையைத்தான் கேட்க வேண்டும்.

விலைக்கு வருவோம். எப்படி இருக்கிறதோ, எங்கே இருக்கிறதோ, அப்படியே என்பதுதான் ஏலத்தின் அடிப்படை, எடுத்த பிறகு புகார் செல்லாது. முன்வைப்புத் தொகை கட்டிவிட்டு, எடுத்தபின் பணம் கட்டாமல் விட்டால் அந்தத் தொகை போகும். நீங்கள் 40,000க்கு எடுத்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 7,200 ரூபாய் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பேக்டரிக்காரர் அந்த வரியைக் கழித்துக்கொள்வார், உங்களுக்கு அது செலவுதான், அதனால் அவர் போகும் விலைக்கு நீங்கள் போட்டி போட்டால் உங்களுக்குக் கட்டாது. டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடித்தால் அது வருமான வரிக் கணக்கில் கழியும், அது பரவாயில்லை. அப்புறம் கிரேன், குட்டி யானை வாடகை, பெல்ட், பில்டர், வால்வ் செட், எண்ணெய். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தரை வாடகையும் போடுவார்கள். லாட்டில் கம்ப்ரஷரோடு உடைந்த பேனல், பைப், பழைய டிரையர் எல்லாம் சேர்ந்திருந்தால் அத்தனையையும் நீங்கள்தான் அள்ள வேண்டும், பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போக விட மாட்டார்கள். இரும்பு வியாபாரிகள் ஏலத்துக்கு வந்தால் கவனியுங்கள், அவர்கள் எடையையும் அன்றைய இரும்பு விலையையும் பெருக்கி வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவர்கள் நிறுத்திய விலைக்கு மேலே நீங்கள் கொடுப்பதெல்லாம் மெஷின் ஓடும் என்ற நம்பிக்கைக்கான காசு.

பிராண்டில் பெரிய தத்துவம் இல்லை. ஸ்பேர் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோயம்புத்தூர் எல்ஜி 1960இலிருந்து இருக்கிறது, நம் பக்கம் அதன் வால்வும் ரிங்கும் எளிதாகக் கிடைக்கும். பெயர் தெரியாத இறக்குமதி மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் ஒரு கேஸ்கெட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளில் நடக்கும் தவறுகள் தனி. மூன்று பேஸ் வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பிஸ்டன் மெஷினில் வீல் விசிறி பம்பின் மேல் காற்றடிக்காமல் சூடாகும், ஸ்குரூவில் சில நொடிகளிலேயே ஏர்எண்ட் நாசம். அம்புக்குறியைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டிச் சரிபாருங்கள். பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ40 இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், வால்வில் கரி பிடிக்கும், கம்ப்ரஷர் ஆயில் தனியாக விற்கிறது. பழைய சேஃப்டி வால்வை நம்பாமல் புதிது மாட்டுங்கள், அது பெரிய விலை இல்லை. காற்று லைனுக்கு பிவிசி பைப் போடுவது ஊரெல்லாம் நடக்கிறது, வெயிலில் காய்ந்து நொறுங்கும்போது கண்ணாடித் துண்டு மாதிரி சிதறும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போடுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. அங்கே கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், சேலத்தைவிடக் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு, அதே மெஷின் அதே டேங்கை நிரப்ப அந்த அளவுக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். மழையும் மூடுபனியும் சேர்ந்த ஈரத்தில் டேங்கில் தண்ணீரும் வேகமாகச் சேரும், ஆகவே தினம் வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றும்போது மெஷினைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, எண்ணெயை முன்பே வடித்துவிட்டு, பம்ப்பில் கயிறு போடாமல் அடித்தளச் சட்டத்தில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.