வென்டிலேட்டர் வைக்கும்போது எடையைக் கேட்காதீர்கள்

ஐசியூவுக்குப் புதிதாக வரும் டாக்டர்கள், ஆபரேஷன் முடிந்து வந்த நோயாளிக்கு வென்டிலேட்டர் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள். கை கழுவுவது, மூச்சு டியூபை இறுக்கிக் கட்டுவது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எடையால் பெருக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். குடலில் ஓட்டை விழுந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் முடித்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். எடை 85 கிலோ. கிலோவுக்கு 8 மி.லி. என்று பெருக்கி, மூச்சுக்கு 680 மி.லி. வைத்தேன். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 99 சதவீதம். நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். காலையில் வந்த சீனியர் ஒன்றும் பேசவில்லை. அளவு நாடாவை எடுத்துத் தலையிலிருந்து குதிகால் வரை அளந்தார். 150 செ.மீ.

உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருக்காது. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. அதனால் பெருக்க வேண்டியது உயரத்துக்கு உரிய எடையால். ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ என்று தொடங்கி, 152.4 செ.மீ.க்கு மேல் ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்ட வேண்டும். குறைந்தால் கழிக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு வருவது 43 கிலோதான். 8 மி.லி. என்றாலும் சுமார் 345. நான் ராத்திரி முழுக்கக் கொடுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு. பிளாட்டோ பிரஷர், அதாவது மூச்சை உள்ளே நிறுத்திப் பார்க்கும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம், 34. 30-ஐத் தாண்டவிடக் கூடாது. ஒன்பது நாள் கழித்துத்தான் டியூபை எடுக்க முடிந்தது. வயிற்றில் இருந்த சீழும் காரணம்தான். ஆனால் என் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நுரையீரல் பழுதானவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆர்ட்ஸ்நெட் ஆய்வு 2000-இல் வெளியானது. இப்படிக் கணக்கிட்ட கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். 6 மி.லி. பெற்றவர்களில் 31 பேர். இத்தனை வருடமாகியும் கேஸ் ஷீட்டில் எடை இருக்கிறது, உயரம் இருப்பதில்லை. போன மாதம்கூட, மெஷின் உயரம் கேட்டபோது திரையில் ஏற்கெனவே இருந்த 170-க்கே ஒருவர் ஓகே கொடுத்துவிட்டார். கட்டிலில் இருந்த பாட்டி 148 செ.மீ.

சரி, அளவைக் குறைத்தாயிற்று. அப்புறம் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணிக்கையைக் கூட்ட மறக்காதீர்கள். 680-ஐ 12 முறை கொடுத்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர். 345-ஐ அதே 12 முறை கொடுத்தால் 4 லிட்டர்தான், கரியமில வாயு ஏறிவிடும். 22 வரையாவது கூட்டி, அரை மணி கழித்து ஏபிஜி (ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் சோதனை) பாருங்கள்.

ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளிக்கும் எண்ணிக்கையை அப்படியே கூட்டுவது

கூடாது. மூச்சு வெளியே வர நேரம் வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளேயே தேங்கி பிபி இறங்கும்.

100 சதவீத ஆக்சிஜனைக் குறைக்க மறந்துவிடுவது

சாச்சுரேஷன் 94-ஐத் தாண்டி நின்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

அலாரத்தை அமுக்குவது

முதலில் நோயாளியின் நெஞ்சைப் பாருங்கள்.

திமிறினால் உடனே மயக்க மருந்து

டியூப் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம், நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்திருக்கலாம், தையல் வலிக்கலாம். ஒருமுறை ஒரு பெரியவர் விடாமல் திமிறினார். நான் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் போர்வையை விலக்கினார். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பை நிறைய ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் அவர் மெஷினோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.