எண்ணெய் தின்னும் கடல் பாக்டீரியாவை லேபில் வளர்ப்பது எப்படி?

எங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் லேபைப் பார்த்துக்கொள்பவள் நான். ப்ராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகள், "மேடம், இந்த பாக்டீரியாவை எங்கே வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாங்கவே வேண்டாம். சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டியிருக்கும் தண்ணீரிலேயே அவை இருக்கும். டீசல் படலம் மினுங்கும் இடத்தில், கிருமி நீக்கிய கண்ணாடிப் பாட்டிலில் மேல்தண்ணீரைப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

எண்ணெயில் கார்பன் ஏராளம். நைட்ரஜனும் பாஸ்பரசும் நாம்தான் கொடுக்க வேண்டும். 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்கா கரையில் ஒதுங்கியபோது, கற்கள்மீது உரம் தெளித்தது இதற்காகத்தான்.

மீடியத்துக்கு, அதாவது பாக்டீரியா வளரும் கரைசலுக்கு, வடிகட்டிய கடல்நீர் ஒரு லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 1 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.1 கிராம் போதும். பாஸ்பேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதையும் கடல்நீரையும் தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), இரண்டும் ஆறிய பிறகு கலக்குங்கள். சேர்த்தே சூடாக்கினால் அடியில் வெள்ளையாகப் படியும். கலக்கிப் பார்த்துவிட்டு, பாக்டீரியா வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

250 மில்லி குடுவையில் இந்த மீடியம் 100 மில்லி, டீசல் 1 மில்லி, காசிமேட்டுத் தண்ணீர் 10 மில்லி. வாயைப் பஞ்சால் அடைத்து, 30 டிகிரியில் ஷேக்கரில் வையுங்கள். காற்று உள்ளே போக வேண்டும், ரப்பர் மூடி வேண்டாம். அப்புறம், இன்னொரு குடுவையில் அதே தண்ணீரை ஆட்டோகிளேவ் செய்து ஊற்றி, ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலாக வைக்க வேண்டும். டீசல் தானாகவே ஆவியாகும். கண்ட்ரோல் இல்லாமல் "எண்ணெய் குறைந்தது" என்று எழுதி வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். கண்ட்ரோலில் ஷேக்கரை நிறுத்தியதும் எண்ணெய் மேலே தெளிவான படலமாகக் கூடிவிடும். மற்றதில் படலம் உடைந்து, பொடிப்பொடித் துளிகளாகப் பால்போலக் கலங்கியிருக்கும். எண்ணெயை இப்படி உடைக்கும் சோப்பு போன்ற பொருளை பாக்டீரியாவே சுரக்கிறது.

அதிலிருந்து 1 மில்லி எடுத்துப் புது மீடியத்துக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஸோபெல் மரைன் அகாரில் (கடல் பாக்டீரியா வளர்க்கும் கெட்டியான மீடியம்) தேய்த்துத் தனிக் காலனிகளைப் பிரியுங்கள். ஆல்கனிவோராக்ஸ் என்ற எண்ணெய் தின்னும் பாக்டீரியா கிடைத்தால் அதிர்ஷ்டம். அது சர்க்கரையைச் சீண்டாது, டீசலில் உள்ள ஆல்கேன்கள் என்ற ஹைட்ரோகார்பன்களைத்தான் தேடித் தின்னும். மிச்ச டீசலைச் சிங்க்கில் ஊற்றாமல் ரசாயனக் கழிவு கேனில் சேருங்கள்.