அம்மாவின் இரத்த அழுத்தமும் 35 செ.மீ. கையும்

வீட்டில் வாங்கி வைத்த மின்னணு இரத்த அழுத்தமானி என் அம்மாவுக்கு நாள்தோறும் 155, 160 என்றே காட்டிக்கொண்டிருக்க, மருத்துவரின் அறையில் எடுத்த அளவோ 138-ஐத் தாண்டவில்லை. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணினேன். ஆனால் அதன் காற்றடைக்கும் பட்டையை என் கையில் கட்டிப் பார்த்தபோது எனக்கு வழக்கமாக வரும் அளவே வந்தது.

அம்மாவின் மேற்கையைத் தையல் நாடாவால் அளந்த பிறகுதான் காரணம் விளங்கியது. சுற்றளவு 35 செ.மீ. இருந்தது, பட்டையில் அச்சிட்டிருந்ததோ 22 முதல் 32 செ.மீ. வரை. கைக்குப் பட்டை சிறிதாக இருந்தால், தமனியை அழுத்தி மூடுவதற்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும் என்பதால், உண்மையைவிட உயர்ந்த எண்ணே திரையில் தெரியும். ஒவ்வொரு கருவிப் பெட்டியின் மேலும் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பேன். அதே கருவிக்குரிய பெரிய பட்டையை வாங்கி மாற்றினேன்.

அம்மா கையை மடியில் தாழ்த்தி வைத்திருந்ததும் ஒரு பிழையே. இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தாலே ஏறத்தாழ 7 அல்லது 8 மி.மீ. (இரத்த அழுத்தத்தை அளக்கும் பாதரச அலகு) கூடுதலாகக் காட்டும். இப்போது ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, மேசைமேல் தலையணையில் கையை வைத்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்கிறோம். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்த மருத்துவர், மாத்திரையைக் கூட்டத் தேவையில்லை என்றார்.