பக்கத்து மனையில் கட்டுமானம், நம் வீட்டுச் சுவரில் விரிசல்: என்ன செய்ய வேண்டும்?

பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் வேலை நடக்காத தெரு சென்னையில் இன்று அரிது. அரைக் கிரவுண்டும் ஒரு கிரவுண்டுமாக மனைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதால், பக்கத்தில் ஆழமாகக் கடைக்கால் தோண்டும்போது நம் அஸ்திவாரத்தைத் தாங்கும் மண் பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கிறது. குழியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இரவு பகலாக இறைத்தால் மண் மேலும் அமுங்குகிறது. சுற்றுச்சுவர் சாய்வதும், சுவர்கள் வெடிப்பதும், கதவுகள் நிலையில் சிக்கிக்கொள்வதும் இதனால்தான். இத்தகைய சேதத்தைச் சந்திப்பவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: தோண்டும் முன்பே பதிவு செய்யுங்கள்

இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு எடுத்த எடுப்பில் சொல்வது ஒன்றுதான்: "இந்த விரிசல் முன்பே இருந்தது." அதற்குப் பதில் நம் கையில் இல்லையென்றால் பிற்பாடு எத்தனை அறிக்கை வாங்கினாலும் வாதம் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே, இடிப்பு வேலைக்கு ஆட்கள் வந்த அன்றே, பக்கத்து மனையை ஒட்டிய சுவர்கள், தரை, கூரையின் அடிப்பகுதி, சன்ஷேடு, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர், கழிவுநீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் அறை அறையாகப் படமெடுத்து வைக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் விரிசல்களையும் மறைக்காமல் படமெடுங்கள். பழையதை ஒப்புக்கொள்பவர் புதியதைப் பற்றிச் சொல்லும்போது எவரும் எளிதில் சந்தேகிக்க மாட்டார்கள். முடிந்தால் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட நிலை அறிக்கையாகவே அதைத் தயாரித்துக்கொள்வது நல்லது. நியாயமான பில்டர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை, ஏனெனில் அந்த அறிக்கை அவரையும் பொய்ப் புகாரிலிருந்து காக்கிறது.

படங்களைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழும் இணைக்க வேண்டும் என்பதால், மூலப்பதிவு இருப்பது அவசியம்.

இரண்டாம் படி: விரிசலை அளந்து கண்காணியுங்கள்

பூச்சில் மட்டும் முடி போல ஓடும் கீறலுக்குப் பதற வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பிச் செங்கல் வரிசையில் படிப்படியாக இறங்கும் விரிசல்தான் அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்குவதற்கான வழக்கமான அறிகுறி. அது இன்னும் நகர்கிறதா என்றறிய ஓர் எளிய முறை உண்டு. விரிசலின் இருபுறமும் பெயின்டையும் அதற்கடியில் உள்ள பட்டிப் பூச்சையும் செங்கல் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதன் இரு முனைகளை மட்டும் எபாக்ஸி பசையால் ஒட்டி, அருகில் தேதியை எழுதுங்கள். சுவர் சற்றே அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு அங்கும் தேதியிட்டால், அது நீள்வதும் தெரியும். வாரம் ஒருமுறை அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, தூணிலோ பீமிலோ வெடிப்பு தெரிந்தாலோ, சுவர் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்தாலோ, பொருட்களை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் முதலில் வெளியேற வேண்டும். பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே திரும்பலாம்.

இந்தக் கட்டத்தில்தான் மேஸ்திரி ஒருவர் கலவைச் சட்டியோடு வந்து, "விடுங்க சார், பூசிக் கொடுத்துடறோம்" என்பார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூசிவிட்டால் சாட்சியும் மறைந்துவிடும், அசைவு நிற்காத சுவரில் அதே இடம் மீண்டும் வெடிக்கவும் செய்யும்.

மூன்றாம் படி: எழுத்து வழியாகத் தெரிவியுங்கள்

நேரில் பேசுவதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஆனால் பேசியதை அன்றைக்கே கடிதமாக எழுதி, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். மனை உரிமையாளர், பில்டர் இருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். குழிக்குத் தடுப்பு அமைக்கும்வரை தோண்டுவதை நிறுத்தும்படி கேளுங்கள். அவர்களுடைய காப்பீட்டு விவரத்தையும் கேளுங்கள். பல பில்டர்கள் கட்டுமானக் காப்பீடு எடுத்திருப்பார்கள். மூன்றாம் நபர் இழப்பு அதில் அடங்கினாலும், அதிர்வாலோ மண் தாங்கல் குறைவதாலோ வரும் சேதத்துக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நம் சொந்த வீட்டுக் காப்பீடு இங்கே பெரும்பாலும் கைகொடுக்காது.

நான்காம் படி: அனுமதியைச் சரிபார்த்துப் புகார் கொடுங்கள்

வேலை நடக்கும் இடத்தில் வைத்துள்ள பலகையில் திட்ட அனுமதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு 2024 முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது என்பதால், அதிகாரி எவரும் நேரில் பார்த்த பிறகுதான் அனுமதி தந்திருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத் திறவிடம் (கட்டடத்துக்கும் மனையின் பக்க எல்லைக்கும் இடையே விட வேண்டிய காலியிடம்) விடாமல் கட்டுவது போன்ற விதிமீறல் தெரிந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் அளியுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். ஆனால் அந்த அலுவலகங்கள் வேலையை நிறுத்தவும் முத்திரையிடவும் முடியுமே தவிர, இழப்பீடு வாங்கித் தருவது அவற்றின் வேலையன்று. கட்டட வேலையில் அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து நேரும் நிலை இருந்தால் பாரதிய நியாய சட்டத்தின் 290ஆம் பிரிவைக் காட்டிக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: அறிக்கை, வக்கீல் நோட்டீஸ், வழக்கு

காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற இரண்டையும் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கையாகப் பெறுங்கள்; செலவுக் கணக்கைப் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை ஒட்டிப் போட்டால் பேரம் குறையும். அதை இணைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியும் பயனில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே தற்காலிகத் தடையுத்தரவு கேட்பதோடு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து நேரில் பார்வையிடச் செய்யும்படியும் மனுப்போடுங்கள். குழி மூடப்படுவதற்குள் அவர் பார்த்துவிட வேண்டும் என்பதால் இதில் தாமதம் கூடாது. இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவான காலவரம்பு 3 ஆண்டுகள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் தாங்கல் இயல்பாகவே உரியது. கட்டடத்தின் கூடுதல் பாரத்துக்கோ 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருந்தால்தான் அந்த உரிமை. வீடு அதைவிடப் புதியது என்றாலும், அலட்சியத்தை நிரூபித்து இழப்பீடு கோரத் தடையில்லை.

செலவுக்கு அஞ்சுபவர்கள் வழக்குத் தொடுக்கும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அது நடத்தும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு அங்கே பிறப்பிக்கப்படும் தீர்ப்புக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு.

சமரசம் ஏற்பட்டால், தொகையை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். பக்கத்துக் கட்டடத்தின் கடைசித் தளக் கான்கிரீட் முடிந்து, ஒரு மழைக்காலமும் கடந்து, கண்ணாடிப் பட்டைகள் உடையாமல் இருந்த பிறகே நிரந்தரப் பழுதுபார்ப்பு நடக்கும் என்றும், அதுவரை தொகையில் ஒரு பகுதி இரு தரப்பும் நம்பும் ஒருவரிடம் இருக்கும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.